கறை எங்கே போகிறது?

சாயத்துக்கும் கறைக்கும் வேதியியலில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு நிறம் நூலைப் பிடித்துக்கொள்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் விடமாட்டேன் என்கிறது. நாம் காசு கொடுத்து ஏற்றினால் அதற்குப் பெயர் சாயம். கை தவறிக் கொட்டினால் கறை. கார்பெட்டில் கொட்டிய காபியை எதிர்த்து அமெரிக்காவின் பெரிய கெமிக்கல் கம்பெனிகள் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஒரு யுத்தம் நடத்தின. அந்த யுத்தம் முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடந்தது. அதில் காபி தோற்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். ஜெயித்தது யார் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நான் ஐ.டி. வேலையில் இருப்பவன். பன்னிரண்டு வருஷமாக என் பகல்பொழுது கார்பெட் போட்ட தரையில் கழிகிறது. வீட்டில் கார்பெட் கிடையாது. எங்கள் வீடுகளில் இருந்தது கோரைப்பாயும் பவானி ஜமக்காளமும். அவற்றில் காபி கொட்டினால் பெரிய பஞ்சாயத்து இல்லை. பாயை ஈரத்துணியால் துடைக்கலாம். ஜமக்காளத்தை உருட்டி எடுத்துப்போய்த் துவைத்துக் கொடியில் போட்டுவிடலாம். சுவரோடு சுவராக ஒட்டிய கார்பெட்டின் அடிப்படைச் சிக்கலே இங்குதான் இருக்கிறது. அதைத் துவைக்க எடுத்துக்கொண்டு போக முடியாது. கொட்டிய இடத்திலேயே வைத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். உலகத்தில் வேறெந்தத் துணிக்கும் இவ்வளவு கெமிக்கல் ஆராய்ச்சி நடக்காமல் கார்பெட்டுக்கு மட்டும் நடந்ததற்கு இதுவே பாதிக் காரணம்.

*

முதலில் சாயத்தின் பக்கம் கொஞ்சம் போய்விட்டு வருவோம். ஏனென்றால் கறையைப் பிடித்து வைக்கும் வித்தையில் ஒரு காலத்தில் உலகத்துக்கே வாத்தியார் நம்முடைய கடற்கரைதான்.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கப்பல் ஏறிய பூ வேலைத் துணிகளைப் பார்த்து ஐரோப்பா மிரண்டதற்குக் காரணம் பூக்கள் மட்டுமில்லை. துவைத்தால் போகாத நிறம். அவர்களுக்கு அது தெரியாது. 1742-ல் கேர்து என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், தன்னிடம் மதம் மாறிவந்த சாயக்காரர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட செய்முறையைக் கடிதமாக எழுதி பாரிசுக்கு அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உள்ள உறவைப் பின்னாளில் பேசிய அதே கேர்து. இன்றைய மொழியில் சொன்னால் தொழில் ரகசியத்தை வெளியே கொண்டுபோன வேலை.

அந்தச் செய்முறையின் முதல் படி கடுக்காய். துணியை வெளுத்து, கடுக்காய்ப்பொடியும் எருமைப்பாலும் கலந்த தண்ணீரில் நனைத்து வெயிலில் காயவைப்பார்கள். கடுக்காயில் இருப்பது டானின். பருத்தி நூலை அது பிடித்துக்கொள்ளும். அதன் மேல் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்து எடுத்த கரைசலால் கோடு போட்டால் அந்த இடத்திலேயே கறுத்துவிடும். படிகாரக் கரைசலால் வரைந்து, சாயவேர் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்தால் சிவப்பு ஏறும். பால் எதற்கு? பாலின் கொழுப்பு, வரைந்த கோடு பக்கத்து நூலுக்குப் பரவாமல் தடுக்கும்.

இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை முன்கூட்டியே தயார்செய்ய டானின் மாதிரி ஒரு பொருள் வேண்டும். பரவாமல் தடுக்கக் கொழுப்பு மாதிரி ஒன்று வேண்டும். இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, அமெரிக்க வேதியியலாளர்கள் இதே மூன்று விஷயங்களைத் தலைகீழாகப் போட்டு யோசித்தார்கள்.

*

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் டால்டன் என்று ஒரு சின்ன ஊர். 1890-களில் கேத்தரின் எவன்ஸ் என்ற பதின்வயதுப் பெண், பழைய பாணியில் நூலை முடிச்சு முடிச்சாகத் தைத்து, வெட்டி, புசுபுசுவென்று நிற்கும்படி ஒரு படுக்கை விரிப்பு செய்தாள். 1900-ல் அப்படி ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றாள். கேட்டு ஆள் வந்தது. தனியாகச் சமாளிக்க முடியாமல் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். சில பத்தாண்டுகளில் அந்த வட்டாரமே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விரிப்பு தைத்தது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொடி கட்டி மயில் படம் போட்ட விரிப்புகளைத் தொங்கவிட்டதால், அந்தச் சாலைக்கு ‘மயில் சந்து’ என்று பெயரே வந்தது.

பிறகு அந்தத் தையலை மெஷின் செய்தது. ஒரு ஊசிக்குப் பதிலாக வரிசையாக நூற்றுக்கணக்கான ஊசிகள். விரிப்பு அகலமாகி, கனமாகி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் தரைக்கு இறங்கி கார்பெட் ஆனது. அதுவரை கார்பெட் என்றால் தறியில் நெய்த கம்பளி, பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம். டால்டனின் மெஷின் அதைச் சம்பளக்காரன் வீட்டுக்குக் கொண்டுவந்தது. கம்பளியின் இடத்துக்கு நைலான் வந்தது. நைலான், டூபான்ட் கம்பெனியின் வேலஸ் கரோதர்ஸ் 1935-ல் உருவாக்கிய நூல். நைந்துபோகாது, பூச்சி அரிக்காது, விலையும் குறைவு. ஊருக்கு ‘உலகின் கார்பெட் தலைநகரம்’ என்று பட்டம் வந்தது.

ஆனால் நைலானுக்கு ஒரு பலவீனம். அதன் மூலக்கூறு ஒரு நீளமான சங்கிலி. நுனிகளில் அமீன் என்ற நைட்ரஜன் குழுக்கள் இருக்கும். கொஞ்சம் அமிலத்தன்மை இருந்தால் இவை நேர்மின்னூட்டம் ஏற்று, எதிர்மின்னூட்டம் உள்ள நிறத்தை ‘வா, வா’ என்று கூப்பிடும். சாயப்பட்டறையில் நைலானுக்கு நிறம் ஏற்றுவதே இந்த வழியில்தான். பட்டறையில் எல்லா இடமும் நிரம்பிவிடாது. கணிசமான இருக்கைகள் காலியாகவே வீட்டுக்கு வந்து சேரும்.

இப்போது காபியைப் பாருங்கள். சூடாக இருக்கிறது. லேசாக அமிலத்தன்மை உடையது. வறுக்கும்போது உண்டான பழுப்பு நிற மூலக்கூறுகளும் குளோரோஜெனிக் அமிலம் என்ற பாலிபீனாலும் அதில் கரைந்திருக்கின்றன. இரண்டிலும் எதிர்மின்னூட்டம் உண்டு. ஆக ஒரு டம்ளர் காபி என்பது நைலானுக்கு ஏற்ற ஒரு குட்டிச் சாயத்தொட்டி. கார்பெட் சுத்தம் செய்யும் தொழிலில் காபி, டீ, ஒயின் மூன்றையும் ‘டானின் கறை’ என்று ஒரே குடும்ப அட்டையில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். காபியில் இருப்பது கடுக்காயில் உள்ளதுபோல அசல் டானின் இல்லை, ஒன்றுவிட்ட சொந்தம். ஆனால் நூலைப் பிடிக்கும் குணம் ஒன்றுதான்.

*

1953. மினசோட்டாவில் 3எம் கம்பெனியின் ஆய்வகம். ஜெட் விமானத்தின் எரிபொருள் குழாய்களுக்காக, எண்ணெய்க்குக் கரையாத ஒரு ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஃபுளோரின் சேர்ந்த ஒரு பால் போன்ற திரவம் உதவியாளர் ஒருவரின் கேன்வாஸ் ஷூவில் சிந்திவிட்டது. சோப்புப் போட்டுப் பார்த்தார்கள், ஆல்கஹால் போட்டுப் பார்த்தார்கள், போகவில்லை. கொஞ்சநாள் கழித்துக் கவனித்தால், ஷூ முழுக்க அழுக்காக, அது சிந்திய இடம் மட்டும் புதுசாக இருந்தது.

அதைப் பார்த்து யோசித்தவர் பேட்ஸி ஷெர்மன். அப்போது அவருக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை. 1952-ல்தான் வேதியியலும் கணிதமும் முடித்து, தற்காலிக வேலையாக அங்கே சேர்ந்திருந்தார். பள்ளியில் எந்த வேலைக்குப் பொருத்தம் என்று ஒரு தேர்வு வைத்தார்களாம். பெண்களுக்கான தாளில் ‘குடும்பத்தலைவி’ என்று பதில் வந்தது. ஆண்களுக்கான தாளையும் கொடுங்கள் என்று பிடிவாதமாக வாங்கி எழுதினார். அதில் பல் மருத்துவர் அல்லது வேதியியலாளர் என்று வந்தது. அவரும் சாமுவேல் ஸ்மித்தும் சேர்ந்து அந்தச் சிந்திய திரவத்தை ஒரு பொருளாக ஆக்கினார்கள். 1956-ல் ஸ்காட்ச்கார்டு என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. தான் கண்டுபிடித்த பொருளை ஒரு துணி ஆலையில் சோதித்தபோது, பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பதால் முடிவைத் தெரிந்துகொள்ள ஷெர்மன் வெளியே காத்திருக்க வேண்டியிருந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? ஒரு திரவம் ஒரு பரப்பில் பரவுமா, முத்தாக நிற்குமா என்பது பரப்பு இழுவிசையைப் பொறுத்தது. தண்ணீருக்கு அது 72 என்று வைத்துக்கொண்டால், சமையல் எண்ணெய்க்கு 30 சொச்சம். நூலின் மேல்பரப்புக்கு அதைவிடக் குறைவான ஆற்றல் இருந்தால் திரவம் பரவாது, உருண்டு நிற்கும். மெழுகும் கொழுப்பும் தண்ணீரை மட்டும் தடுக்கும். ஃபுளோரின் பூசிய பரப்பின் ஆற்றல் 20-க்கும் கீழே. அதனால் தண்ணீர், எண்ணெய் இரண்டுமே இறங்காது. எருமைப்பால் செய்த வேலையைப் பல மடங்கு பலத்தோடு செய்வது மாதிரி. கார்பன், ஃபுளோரின் பிணைப்பு வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று. வெயில், மழை, பாக்டீரியா எதற்கும் சாமானியமாக அசையாது. வாங்குகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இருந்தும் காபி முழுசாகத் தோற்கவில்லை. உருண்டு நின்றதைத் துடைத்துவிட்டால் சரி. சூடாகக் கொட்டி, கவனிக்காமல் விட்டால் மெல்ல உள்ளே இறங்கி, காலியாக இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது ஆயுதம் 1986-ல் வந்தது. டூபான்ட் கம்பெனியின் ஸ்டெயின்மாஸ்டர். குழந்தை தன் சாப்பாட்டையெல்லாம் கார்பெட்டில் கொட்டும் விளம்பரம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரபலம். இதன் தத்துவம் எளிது. பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அதுதான். நைலானில் காலியாக இருக்கும் இடங்களில், நிறமில்லாத, எதிர்மின்னூட்டம் உள்ள ஒரு பொருளை முன்கூட்டியே உட்காரவைத்துவிட வேண்டும். பிறகு காபி வந்தால் ‘ஆள் வருது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும்.

அந்தத் துண்டு எது தெரியுமா? தோல் பதனிடும் தொழிலில் பயன்படுத்தும் செயற்கை டானின்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். முன்பு ஆவாரம்பட்டை செய்த வேலையைப் பின்னர் இந்தச் செயற்கைப் பொருள்கள் பங்குபோட்டுக்கொண்டன. கடுக்காய் நிறத்தைப் பிடிக்க இடம் தயார்செய்தது. இது அதே இடத்தை நிறத்துக்குக் கொடுக்காமல் அடைத்துவைத்தது. டானின் கறையைத் தடுக்க இன்னொரு டானின்.

உள்ளே டானின், மேலே ஃபுளோரின். எண்பதுகளின் முடிவில் அமெரிக்கக் கார்பெட், கறையை ஏறக்குறைய வென்றுவிட்டது.

*

கதையை இங்கே நிறுத்தி எங்கள் ஆபீசுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போகலாம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடம், அதில் நாலாவது மாடி. நம்முடையது பால் காபி. அமெரிக்கக் கையேடுகள் கறுப்புக் காபியை வைத்து எழுதப்பட்டவை. பால் காபி என்றால் ஒரே கறைக்குள் இரண்டு கறை. பழுப்பு நிறம் ஒன்று, பாலின் புரதமும் கொழுப்பும் இன்னொன்று. போதாததற்குச் சர்க்கரை வேறு. அது காய்ந்தபின் ஒட்டும், ஒட்டிய இடத்தில் செருப்புத் தூசி படியும்.

எங்கள் மாடியைப் பார்த்துக்கொண்ட ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் இதையெல்லாம் எந்தக் கையேட்டிலும் படித்தவர் இல்லை. டீம் பையன் ஒருவன் கொட்டிய காபியை டிஷ்யூவால் பரபரவென்று தேய்க்கப் போனபோது கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். “தேய்க்காதீங்க தம்பி, உள்ள எறங்கிடும். ஒத்தி ஒத்தி எடுங்க. வெளியிலேர்ந்து நடுவுக்கு வாங்க.” பிறகு பச்சைத் தண்ணீரை லேசாகத் தெளித்து ஒத்தினார். கடைசியில் மடித்த டிஷ்யூ கத்தையை வைத்து, அதன் மேல் இருபது லிட்டர் தண்ணிக் கேனைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார். எதுக்குக்கா கேன் என்று கேட்டேன். “இல்லன்னா வெள்ளிக்கிழமை போன கறை திங்கக்கிழமை திரும்பி வந்துடும் சார். காலைல பாத்தா அதே எடத்துல நிக்கும்.”

இதற்கு இயற்பியல் இருக்கிறது. கார்பெட்டின் மேல்முனை காய்ந்துகொண்டே இருக்கும்போது, அடியில் தங்கிய ஈரம் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறும். வரும்போது நிறத்தையும் தூக்கிக்கொண்டு வரும். கேனின் கனத்தில் அந்த ஈரம் டிஷ்யூவுக்குப் போய்விடும். மேஜையில் சிந்திய காபித்துளி ஏன் நடுவில் வெளுத்து ஓரத்தில் வளையமாகக் காய்கிறது என்பதை சிகாகோ பல்கலைக்கழகத்து ராபர்ட் டீகனும் சகாக்களும் 1997-ல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள். துளியின் ஓரம் வேகமாகக் காயும், அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடும், துகள்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். காய்கிற இடத்தை நோக்கித்தான் கறை நகரும். அக்காவின் கேனுக்கும் அதே கணக்குதான்.

*

கறை நகரும். இனி வருவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

1968-ல் டொனால்ட் டேவ்ஸ் என்ற ஆய்வாளர் மனித ரத்தத்தில் ஃபுளோரின் இரண்டு வடிவங்களில் இருப்பதாக எழுதினார். குடிநீரில் சேர்க்கும் சாதாரண ஃபுளோரைடு ஒன்று. இன்னொன்று கார்பனோடு பிணைந்தது. இயற்கை அப்படியெல்லாம் பெரிதாகச் செய்வதில்லை. 1975-ல் அவரும் வாரன் கையும் 3எம் கம்பெனியைத் தொடர்புகொண்டு, இது உங்கள் பொருள்களிலிருந்து வந்திருக்குமா என்று விசாரித்தார்கள். அதற்கு முழு விடை வெளியே வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 1990-களின் இறுதியில் கம்பெனியின் சொந்த வேதியியலாளர்களே ரத்த வங்கி மாதிரிகளைச் சோதித்தபோது, எங்கே எடுத்தாலும் பி.எஃப்.ஓ.எஸ். இருந்தது. ஸ்காட்ச்கார்டின் பழைய தயாரிப்பு சிதைந்து கடைசியில் போய்ச் சேரும் பொருள் அது. அது இல்லாத ரத்தம் வேண்டுமே என்று தேடியபோது, கொரியப் போர் காலத்தில் படைவீரர்களிடம் எடுத்துச் சேமித்துவைத்த மாதிரிகள் கிடைத்தன. அவற்றில் இல்லை. அதாவது ஸ்காட்ச்கார்டு சந்தைக்கு வருவதற்கு முன்பு எடுத்த ரத்தம்.

2000 மே மாதம் அந்த வேதிப்பொருள் வரிசையைப் படிப்படியாக நிறுத்துவதாக 3எம் அறிவித்தது. இந்தக் குடும்பத்துக்கு இன்றைக்குப் பெயர் பிஃபாஸ். செய்திகளில் ‘அழியாத வேதிப்பொருள்’ என்று போடுகிறார்கள். இவற்றில் சில ரத்தத்தில் புகுந்தால் பாதியளவு வெளியேறவே நாலைந்து வருஷம் ஆகும். 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பி.எஃப்.ஓ.எஸ்.ஸைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதன் உடன்பிறப்பான பி.எஃப்.ஓ.ஏ.வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-ல் வகைப்படுத்தியது. அமெரிக்கா 2024-ல் இந்த இரண்டுக்கும் குடிநீரில் வைத்த வரம்பு லட்சம் கோடியில் நாலு பங்கு.

கனடாவில் ஒரு குடும்பம். அவர்கள் ரத்தத்தில் இந்த வகைப் பொருள் ஒன்று அசாதாரணமான அளவில் இருந்தது. ஆலையில் வேலை செய்தவர்கள் இல்லை, ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களும் இல்லை. காரணத்தைத் தேடிப் போன ஆய்வு 2012-ல் வெளியானது. அவர்கள் வீட்டுக் கார்பெட்டுக்குப் பதினைந்து வருஷமாகத் திரும்பத் திரும்பக் கறைத்தடுப்பு மருந்து அடித்திருந்தார்கள். அந்தப் பொருள் கார்பெட்டிலும் இருந்தது, வீட்டுத் தூசியிலும் இருந்தது, காற்றிலும் இருந்தது. காபி நூலில் ஒட்டக்கூடாது என்பதற்காக அடித்தது, வீட்டில் இருந்தவர்களிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

டால்டனுக்குத் திரும்புவோம். அங்கே கார்பெட் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து, கானசாகா ஆற்றங்கரையில் பல ஆயிரம் ஏக்கர் காட்டில் தெளிப்பான்களால் தெளிப்பார்கள். மண் வடிகட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. சாதாரண அழுக்கை மண் வடிகட்டும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய அழுக்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எதுவும் தின்ன முடியாத ஒன்றைத்தானே எழுபது வருஷத்துக்கு முன்னால் கொண்டாடினார்கள்? 2008-ல் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஆற்றில் மிக அதிக அளவில் இந்தப் பொருள்களைக் கண்டார்கள். கானசாகா தண்ணீர் ஊஸ்டனௌலாவாகிறது, அது ரோம் என்ற ஊரில் இன்னோர் ஆற்றோடு கலந்து கூசா ஆறாகி அலபாமாவுக்குள் போகிறது. ரோம் நகரம் குடிநீர் எடுக்கும் ஆற்றையே மாற்றவேண்டி வந்தது. அலபாமாவின் கேட்ஸ்டன் ஊர் குடிநீர் வாரியம் 2016-ல் கார்பெட் கம்பெனிகள் மீதும் கெமிக்கல் கம்பெனிகள் மீதும் வழக்குப் போட்டது. ரோமின் வழக்கு 2023-ல் 25 கோடி டாலருக்கும் மேலான தொகைக்குச் சமரசமானது. புதிய வடிகட்டு நிலையம் கட்ட அந்தப் பணம்.

கேட்ஸ்டனில் குழாயைத் திறந்து டம்ளரில் தண்ணீர் பிடிக்கிற ஒருவரை நினைத்துப்பாருங்கள். வேறு ஏதோ மாநிலத்தில், யாரோ ஒருவர் வீட்டுக் கார்பெட்டில் காபி ஒட்டாமல் இருந்ததற்கு இவர் தண்ணீர் வரி கட்டுகிறார்.

*

நமக்கு இது புதுக் கதை இல்லை. கறையை நீக்குவது என்றால் வேறொருவர் கைக்கு மாற்றுவது என்ற ஏற்பாட்டில் பல நூற்றாண்டு அனுபவம் உள்ள சமூகம் நம்முடையது. உவர்மண்ணும் வெள்ளாவியும் தெரிந்த வண்ணார்கள் இல்லாமல் ஊரில் கல்யாணம் உண்டா, சாவு உண்டா? தீட்டுத்துணி, பிரசவத்துணி, பிணத்தின் துணி எல்லாம் அவர்கள் கைக்குத்தான் போயின. துணி வெளுத்துத் திரும்பி வந்தது. அதிலிருந்த தீட்டை அவர்கள் மேலேயே ஏற்றிவிட்டு, திண்ணைக்குக் கீழே நிற்கச் சொன்னார்கள். தலித் மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார்களுக்கு இன்னும் கீழே ஒரு படி. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) படித்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

டால்டனையும் இதையும் ஒன்று என்று சொல்லவில்லை. அங்கே நடந்தது வியாபாரமும் அலட்சியமும், இங்கே நடந்தது சாதி. ஆனால் சுத்தமான ஒரு பரப்பைப் பார்க்கும்போது, அதிலிருந்து போனது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்கும் பழக்கம் இரண்டு இடத்திலுமே இல்லாமல் போனது. எங்கள் ஆபீசில் ஆண்டுக்கொருமுறை சனிக்கிழமையில் வண்டி வைத்துக் கார்பெட்டைக் கழுவுகிறார்கள். கறுப்பாக வெளியேறும் தண்ணீரை வாளி வாளியாகத் தூக்கிப்போய்க் கழிவறையில் கொட்டுபவர்கள், கையுறைகூட இல்லாத இரண்டு பையன்கள். அந்தக் கார்பெட்டின் மேல் என்ன பூச்சு இருந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, அதன் மேல் நடக்கும் எண்ணூறு எஞ்சினியர்களுக்கும் தெரியாது.

*

முழுக்க இருட்டாக முடிக்கவும் வரலாறு இடம் கொடுக்கவில்லை. அமெரிக்கர்களின் ரத்தத்தில் பி.எஃப்.ஓ.எஸ். அளவு 1999-2000-ல் சராசரியாக மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம். 2017-18-ல் 4 சொச்சம். தயாரிப்பதை நிறுத்தினால் குறைகிறது, மெதுவாகத்தான், ஆனாலும் குறைகிறது. ஹோம் டிப்போ போன்ற பெரிய கடைகள் 2019-ன் இறுதியோடு பிஃபாஸ் பூசிய கார்பெட் விற்பதை நிறுத்தின. 2021-ல் கலிஃபோர்னியா இவற்றைக் கண்காணிக்க வேண்டிய பொருளாக அறிவித்தது. 2025 இறுதிக்குள் இந்தக் குடும்பத்தையே தயாரிப்பதை நிறுத்துவோம் என்று 2022 டிசம்பரில் 3எம் சொன்னது.

இதில் எனக்கு ஆச்சரியம், மாற்றுவழி ரொம்ப எளிமையாக இருந்தது என்பதுதான். பாலியஸ்டர் நூலில் அமீன் இருக்கைகளே கிடையாது. காபி வந்தாலும் உட்கார இடமில்லை. நூலை இழுப்பதற்கு முன்பே உருகிய பிளாஸ்டிக்கில் நிறத்தைக் கலந்துவிட்டால், நைலானிலும் வெளியிலிருந்து சாயம் ஏற்றத் தேவையில்லை, இருக்கைகள் குறைந்த ரகமாகவே செய்துகொள்ளலாம். இவற்றுக்கும் குறை உண்டு. பாலியஸ்டர் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் நசுங்கும். ஆனால் அந்தக் குறை அந்தக் கார்பெட்டோடு முடிந்துவிடும், ஆற்றில் இறங்கி அடுத்த மாநிலத்துக்குப் போகாது.

சரி, இவ்வளவு படித்தவருக்குக் கறையை எடுக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். கொட்டியவுடன் ஒத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பால் காபி என்றால் பச்சைத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து முதலில் பாலை எடுங்கள். வெந்நீர் வேண்டாம், புரதம் இறுகிவிடும். துணி சோப்பும் சோடாவும் வேண்டாம். காரம் பட்டால் பாலிபீனால்கள் காற்றோடு சேர்ந்து இன்னும் கறுக்கும், உள்ளே துண்டு போட்டு வைத்திருந்தால் அந்தத் துண்டையும் காரம் உருவிவிடும். அதற்கப்புறமும் பழுப்பு இருந்தால் வெள்ளை வினிகரைச் சரிபாதி தண்ணீரில் கலந்து ஒத்துங்கள். பழைய கறை, அசைய மாட்டேன் என்கிறது என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கம்பளியில் வேண்டாம். எதைப் போடுவதற்கு முன்பும் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நிறத்தை உடைத்துவிட்டு மிஞ்சுவது தண்ணீரும் ஆக்சிஜனும்தான். கடைசியில் வெறும் தண்ணீரால் ஒத்தி, துணியை மடித்து வைத்து, மேலே ஒரு கனம். ராத்திரி முழுக்க இருக்கட்டும்.

இதற்கெல்லாம் மசியாத கறைக்கு எங்கள் ஆபீசில் வேறொரு வைத்தியம் இருக்கிறது. ஆபீஸ் கார்பெட் ஒரே விரிப்பு கிடையாது, அரை மீட்டர் சதுரங்களாகப் பதித்தது. கறை பட்ட சதுரத்தைப் பெயர்த்து எடுத்து, ஃபைல் கப்போர்டுக்கு அடியில் போட்டுவிட்டு, அங்கே இருந்த சுத்தமான சதுரத்தை வழியில் பதித்துவிடுவார்கள். கப்போர்டை நகர்த்தினால் பன்னிரண்டு வருஷத்துக் காபியும் வரிசையாக அங்கே இருக்கும். நான் அறிந்தவரை, எங்கே போனது என்று விரலை நீட்டிக் காட்டக்கூடிய கறை அது ஒன்றுதான்.